எல்லாரையும் கேட்டவர்

மர்சலின் மூன்றாவது முறையாக டையை அவிழ்த்தாள். படுத்திருப்பவருக்கு டை கட்டி அவளுக்குப் பழக்கமில்லை. முடிச்சு ஒவ்வொரு தடவையும் இடப்பக்கம் ஒதுங்கிக் காலருக்குள் புதைந்துகொண்டது. ஃப்ரீசர் பெட்டிக்காரர் கண்ணாடி மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, "பத்து நிமிஷத்துல முடிச்சிடுங்க மேடம், கூலிங் போயிடும்," என்று சொல்லி வாசலுக்குப் போயிருந்தார்.

நான்காவது முறை காலரைத் தூக்கியபோது ஒரு கை அவள் கையைத் தட்டிவிட்டது.

"தொடாத," என்றான் ஆண்ட்ரூ.

"டை கட்டணும்டா. நாலு மணிக்குக் கோயிலுக்குப் போகணும்ல."

"அப்பா டை போட மாட்டாரு. தொப்பி போடுவாரு."

வெயிலில் வெளுத்துப்போன நீலத் தொப்பி ஒன்று அவன் இடக்கையில் இருந்தது. அதை அப்பாவின் மார்பில் வைத்தான். பிறகு தன் அகலமான உடம்பை அக்காவுக்கும் பெட்டிக்கும் நடுவே கொண்டுவந்து நிறுத்திக்கொண்டான். முப்பத்தேழு வயது, தொண்ணூற்றிரண்டு கிலோ. பிறக்கும்போது கொடி சுற்றிக்கொண்டதில் வலக்கையும் வலக்காலும் அவன் பேச்சைக் கேட்பதில்லை. மனசு ஏழிலோ எட்டிலோ நின்றுவிட்டது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். இடக்கைக்கு மட்டும் இரண்டு ஆள் பலம்.

ஹாலில் இருந்த பத்துப் பதினைந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "விடும்மா, பிள்ளை ஆசைப்படுது," என்றாள் பிலோமினா அத்தை, அப்பாவின் தங்கை.

மர்சலின் டையைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பிள்ளை. அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. இந்த வீட்டில் அவளைப் பிள்ளை என்று யாராவது சொல்லி முப்பத்தேழு வருஷமாகிறது.

அப்பா லியோனார்ட் முந்தின நாள் மாலை ஐந்தரை மணிக்கு இறந்தார். மந்தைவெளியில் கால்வாயை ஒட்டிய பூங்காவில், அவரே வரைந்து, அவரே நாலு வருஷம் அலைந்து கட்டவைத்த விளையாட்டுத் திடலில், ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபடி. எழுபத்தோரு வயது. பக்கத்தில் ஆண்ட்ரூ இருந்தான். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அவன் அதைச் சொன்னான்.

"அப்பா என் மேல சாஞ்சாரு. இங்க." இடது தோளைத் தொட்டுக் காட்டுவான். "நான் அசையவே இல்ல. ரொம்ப நேரம்."

கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சிலர் அந்தத் தோளைத் தடவிக் கொடுத்தார்கள்.

அந்த நேரத்தில் மர்சலின் வேளச்சேரியில், பள்ளி ஆசிரியர் அறையில், ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். செய்தி கேட்டு அவள் சாந்தோம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அப்பாவைப் பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தார்கள். முதலில் கண்ணாடியைத்தான் தொட்டாள்.

ஆண்ட்ரூவின் தோளைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் என்னவோ எரிந்தது. துக்கம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் துக்கம் அவளுக்குத் தெரிந்ததுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அம்மா போனபோது வந்திருக்கிறது, அது இப்படி இருக்கவில்லை. இது ஐந்து வயதிலிருந்து கூடவே இருப்பது.

அப்பாவுக்கு அரசு அலுவலகம் ஒன்றில் கட்டட வரைபடம் போடும் வேலை. மாலையில் வந்ததும் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்துவிடுவார். ஆண்ட்ரூ பிடித்துச் சாப்பிட வளைந்த காம்பு வைத்த கரண்டி. ஆண்ட்ரூ வழுக்காமல் குளிக்க ஒரு நாற்காலி. ஆண்ட்ரூ வாசலில் ஏறி இறங்கப் படிக்குப் பதிலாகச் சாய்தளம். ஸ்கேல் வைத்து, அளவு எழுதி, பென்சிலைச் சீவிச் சீவி வரைவார். மேசை விளிம்பில் தாடையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மர்சலின், தனக்கும் ஏதாவது வரைந்து தரச் சொல்லி ஒருநாள் கேட்டாள். "உனக்கு எதுவும் வேணாம் கண்ணு, நீ கெட்டிக்காரி," என்றார் அப்பா. பாராட்டாகத்தான் சொன்னார். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. சைக்கிளைத் தானே ஓட்டிக் கற்றுக்கொண்டாள். கல்லூரி விண்ணப்பத்தைத் தானே நிரப்பினாள். அவளுடைய கல்யாண வரவேற்பில் ஐந்து மணி ஆனதும் ஆண்ட்ரூ ஊஞ்சல் ஊஞ்சல் என்று கத்த, அப்பா கோட்டும் சூட்டுமாக அவனைக் கூட்டிக்கொண்டு ஏதோ பூங்காவுக்குப் போய்விட்டார். ஆல்பத்தில் மேடைப் படங்கள் நாற்பதில் அப்பா இல்லை.

பதினோரு மணிக்குப் பூங்காவின் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் ஜைதூன் பீ. ஊன்றுகோலோடு வந்து, பெட்டியின் தலைமாட்டில் சற்று நேரம் நின்று வாய்க்குள் ஏதோ ஓதிவிட்டு, மர்சலினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் பெரிய பொண்ணா? அண்ணன் சொல்லியிருக்காரு. கணக்கு டீச்சர்னு." மூச்சு வாங்கியது. "என்னைய வந்து என்ன கேட்டாரு தெரியுமாம்மா? ஜைதூன் பீ, பெஞ்சுல உக்காந்தா எந்திரிக்கிறப்போ எங்க வலிக்குதுன்னு கேட்டாரு. அறுவத்தெட்டு வயசாவுது, என் முட்டிய பத்தி ஒருத்தரும் கேட்டதில்ல. தரைக்கும் முட்டிக்கும் டேப்பு வெச்சு அளந்து எழுதிக்கினாரு. அங்க ரெண்டு பக்கமும் கைப்பிடி வெச்ச பெஞ்சு இருக்குதே, அது என் அளவும்மா."

"அப்படியா," என்றாள் மர்சலின்.

அடுத்து வாசல் சாய்தளத்தில் ஒரு சக்கர நாற்காலி ஏறி வந்தது. மந்தைவெளி மார்க்கெட் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஷாஹுல் ஹமீது. மடியில் நாலு வயது மகன். "என் பையன் மண்ணுல விளையாடுறப்போ நான் மேல உக்காந்து பாத்துக்கினுதான் இருக்கணும் சார்னு ஒரு வார்த்த சொன்னேன்க்கா. இன்னா வேணும்னு கேட்டாரு, சொன்னேன். மண்ண மேச மேல கொண்டாந்து வெச்சுட்டாரு. என் வண்டி அப்படியே அடில போவுது. இப்ப நானும் அவனும் சேந்து வீடு கட்டுறோம்."

பிறகு அன்புக்கரசி என்ற ஒரு பெண், தன் மகன் பிரணவோடு. பையனுக்கு எட்டு வயது இருக்கும். வாசலிலேயே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றுவிட்டான். "அவனுக்குச் சத்தம் ஆகாதுங்க," என்றாள் அவள் மெல்லிய குரலில். "சார் ஒரு வாரம் தினமும் வந்து அவன் பக்கத்துல சும்மா உக்காந்திருந்தார். எந்தச் சத்தத்துக்குக் காதப் பொத்துறான், எதுக்குப் பொத்தலைன்னு நோட்டுல எழுதினார். அதை வெச்சுதான் அந்த மூலைல மூங்கில் வெச்சு ஒரு குடிசை பண்ணார். அவன் முதல்ல கையை எடுத்தது அங்கதான்."

கேட்டார், கேட்டார், கேட்டார். மர்சலின் ஒவ்வொருவருக்கும் டீ கொடுத்தாள். ஒவ்வொரு கோப்பையைக் கொடுக்கும்போதும் அவர்களுடைய முகத்தைப் பார்த்தாள். இந்தப் பெண்ணோடு அப்பா ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கிழவியின் முழங்காலுக்கு முன்னால் தரையில் மண்டியிட்டிருக்கிறார். தன்னோடு அவர் கடைசியாக ஒரு முழு மணி நேரம் உட்கார்ந்தது எப்போது என்று யோசித்தாள். அவர்கள் அழுதது அவளுக்குப் பிடிக்கவில்லை. தன் வீட்டுச் சாமானை யாரோ எடுத்துப் புழங்குகிற மாதிரி இருந்தது.

காலிக் கோப்பைகளோடு சமையலறைக்குள் போனபோது மகள் ஜெசிகா தொட்டியருகே நின்று அழுதுகொண்டிருந்தாள். பதினைந்து வயது.

"தாத்தா என்கிட்டயும் கேட்டாரும்மா."

"என்ன கேட்டாரு?"

"பதினஞ்சு வயசுப் பொண்ணுங்க பார்க்குக்கு ஏன் வர்றதில்லைன்னு. போன வருஷம், வாட்ஸ்அப்ல. எங்களுக்கு எங்கம்மா இடம், ஊஞ்சல்ல உக்காந்தா சின்னப் பசங்க பாக்குறாங்க, பெஞ்சுல உக்காந்தா பசங்க பாக்குறாங்கன்னு சொன்னேன். வட்டமா உக்கார்ற மாதிரி வேணும், டீக்கடைல இருந்து பாத்தா தெரியக் கூடாது, ஆனா ரோட்டுல போற ஆன்ட்டிங்களுக்குத் தெரியணும், லைட்டு வேணும்னு சொன்னேன். மூணு தடவ வரைஞ்சு அனுப்பினாரு. நான் திருத்தித் திருத்திக் குடுத்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "அதை அப்படியே கட்டியிருக்காரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

ஜெசிகா குழாயைத் திறந்து மூடினாள். "பார்க்குன்னு சொன்னாலே உன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுதும்மா."

மர்சலின் கோப்பைகளைத் தொட்டியில் வைத்தாள். ஒன்றின் காது உடைந்து தனியே விழுந்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போனாள். கணவன் மேத்யூ அமரர் ஊர்தி டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தான்.

"ஆண்ட்ரூ கோயிலுக்கும் வேணாம், கல்லறைக்கும் வேணாம்," என்றாள்.

"ஏன்?"

"தாங்க மாட்டான். பெட்டிய இறக்குறப்போ கூடவே குதிச்சிட்டான்னா? தொண்ணூறு கிலோவை யாரு பிடிக்கிறது?"

"உங்க அம்மாவுக்கு வந்தானே. சும்மாத்தானே நின்னான்."

"அப்ப அப்பா பிடிச்சுக்கிட்டிருந்தாரு."

பிலோமினா அத்தை அருகே வந்து, அதுதான் சரி, பாவம் பிள்ளை, எதுக்கு அவனைப் போட்டு வதைக்கணும் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அவனை மாதிரி ஆட்களுக்காகச் செங்கல்பட்டுப் பக்கம் சிஸ்டர்ஸ் நடத்தும் ஒரு ஹோம் இருக்கிறது, நாளைக்கு வேண்டுமானால் போன் போட்டுக் கேட்கலாம் என்றாள். மர்சலின் சரியென்று தலையை ஆட்டினாள். அவள் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் உண்மையாக இருந்ததால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. இரண்டு மணி நேரம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் அவள் மட்டும் அவருடைய பிள்ளையாக இருக்க வேண்டும்.

மூன்று மணிக்குக் குலாம் ரசூல் வந்தார். திடலின் இரும்பு வேலை அத்தனையும் செய்த வெல்டர். பட்டறையிலிருந்து நேரே வந்திருந்தார், சட்டையில் பொறி பட்ட ஓட்டைகள். மர்சலின் அவரைத் தனியே கூப்பிட்டாள்.

"பாய், இவனைப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? முடிஞ்சதும் நான் வந்து கூட்டிக்கிறேன்."

ரசூல் பாய் அவளைப் பார்த்தார். "இன்னாம்மா சொல்ற? அப்பாவ எடுக்கிற நேரத்துல புள்ள..." பாதியில் நிறுத்திக்கொண்டார். "சரி. நீ பெரியவ. நீ சொன்னா சரிதான்."

ஆண்ட்ரூ நம்பவில்லை. "அஞ்சு மணி ஆகலையே?"

"இன்னைக்குச் சீக்கிரம் போகலாம்."

"அப்பா?"

"அப்பா கோயிலுக்குப் போறாரு."

"அப்புறம்?"

"அப்புறம் நான் அங்க வரேன்."

கோயிலுக்கு எடுக்க மறுபடி மூடியைக் கழற்றியிருந்த பெட்டியருகே அவன் போய், அப்பாவின் மார்பிலிருந்த தொப்பியை நேராக வைத்தான். பிறகு ரசூல் பாயின் தோளைப் பிடித்துக்கொண்டு சாய்தளத்தில் இறங்கினான். தெருமுனை வரை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

அவன் தலை மறைந்ததும் மர்சலின் தொப்பியை எடுத்து டிவி ஸ்டாண்டின் மேல் வைத்தாள். கைப்பையைத் திறந்தாள். டை இந்த முறை முதல் முடிச்சிலேயே நேராக நின்றது.

கோயிலில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். ஃபாதர் பிரசங்கத்தில் அப்பாவின் திடலைப் பற்றித்தான் அதிகம் பேசினார். வயது பார்த்து வரிசை பிரிக்காத இடம் என்றார். மர்சலின் காதில் வாங்கவில்லை. மெழுகுவர்த்திகளுக்கு நடுவே இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூசை முடிந்ததும் வந்து கை கொடுத்தவர்கள் எல்லாரும் அவளுக்குத்தான் கொடுத்தார்கள். தம்பி எங்கே என்று ஐந்தாறு பேர் கேட்டார்கள். "அவன் தாங்க மாட்டான்," என்றாள். முதல் தடவை தரையைப் பார்த்துச் சொன்னாள். நாலாவது தடவை தானாகவே வந்தது.

கிபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டத்தில் வெயில் சாய்ந்திருந்தது. அம்மாவின் குழியையே திறந்திருந்தார்கள். கயிற்றில் பெட்டி இறங்கியபோது அவள் முன்வரிசையில் நின்றாள். வலப்பக்கம் மேத்யூவும் ஜெசிகாவும். இடப்பக்கம் யாரும் இல்லை. இத்தனை வருஷம் கேட்டது கைக்கு வந்துவிட்டது. ஆண்ட்ரூ பிறப்பதற்கு முன்னால் அப்பா முழுக்க அவளுடையவராக இருந்த ஐந்து வருஷத்திலிருந்து ஏதாவது ஒன்றை, ஒரு மாலையை, ஒரு சட்டையின் வாசனையை ஞாபகத்துக்குக் கொண்டுவரப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. ஃபாதர் சைகை காட்டினார். குனிந்து ஒரு கை மண் எடுத்தாள். சாம்பல் நிற மணல், நடுவே சிப்பித் துண்டுகள். போட்டாள். பலகையில் விழுந்த சத்தம் கேட்டது. அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசையாக வந்தார்கள்.

"நீங்க வீட்டுக்குப் போங்க, ஆளுங்க வந்திருப்பாங்க," என்று மேத்யூவிடம் சொல்லிவிட்டு, அவள் மட்டும் ஆட்டோ பிடித்து மந்தைவெளிக்குப் போனாள். மணி ஐந்தே கால்.

அந்தப் பூங்காவுக்கு அவள் வந்ததே இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் திறப்பு விழாவுக்கு அப்பா கூப்பிட்டபோது ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று சொன்னாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அப்பா அதைச் சுட்டிக்காட்டவில்லை.

வாசலில் படி இல்லை. தரை அப்படியே உள்ளே வழுக்கிக்கொண்டு போனது. காலுக்கடியில் ரப்பர் போல மெத்தென்று இருந்தது. சறுக்குமரம் இரண்டு ஆள் அகலம். ஒரு பெண் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, புடவையை முழங்காலுக்கு நடுவே செருகிக்கொண்டு சறுக்கி வந்து கீழே நின்று சிரித்தாள். மண்மேசையைச் சுற்றி ஐந்தாறு குழந்தைகள். கொன்றை மரத்தடியில் வட்டத் திண்டுகளில் பள்ளிச் சீருடையோடு நாலு பெண்கள், ஒருத்தியின் போனை எல்லாரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடையிலிருந்து அவர்களைப் பார்க்க முடியாது என்பதை மர்சலின் திரும்பி நின்று சரிபார்த்தாள். முடியவில்லை. இருபக்கமும் கம்பி வைத்த குட்டைப் படிகளில் வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் ஏறி இறங்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். அவர் காலுக்கிடையே ஒரு மூன்று வயதுப் பிள்ளை அதே படிகளில் தவழ்ந்து ஏறியது. யாரும் யாரையும் விரட்டவில்லை.

நன்றாக இருந்தது. கணக்கு டீச்சரின் கண்ணுக்கு ஒரு பிழை கூட அகப்படவில்லை. ஒரு பிழையாவது இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

பக்கத்தில் ஒரு பெஞ்சில் மட்டும் யாரும் உட்காரவில்லை. யாரோ ஒரு முழம் சாமந்தியை அதன் கைப்பிடியில் சுற்றியிருந்தார்கள்.

ரசூல் பாய் அவளைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "நல்லபடியா முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது பாய்." அந்தச் சாமந்தியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்பா எல்லார்கிட்டயும் கேட்டாராமே. என்ன வேணும்னு."

"ஆமாம்மா. ஒரு நோட்டு வெச்சிருந்தாரு. மூணு வயசு, அஞ்சு வயசு, பத்து, பதினஞ்சு, இப்படிப் பக்கம் பக்கமா போவும். எம்பது வரைக்கும் கீது."

"நாப்பது?"

ரசூல் பாய் தாடியைத் தடவினார். "நானும் கேட்டேன். இன்னா சார், நாப்பது நாப்பத்தஞ்சு பக்கம் மட்டும் காலியா கீதேன்னு. பேனாவ மூடி வெச்சுட்டாரு. கேக்கணும் பாய், கேட்டா வேணாம்னு சொல்லிடுமோன்னு பயமா கீதுன்னாரு."

யாரைச் சொன்னார் என்று அவர் சொல்லவில்லை. மர்சலினும் கேட்கவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மாலை அப்பா போன் செய்திருந்தார். குரல் நடுங்கிக்கொண்டிருந்தது. வேறொரு பூங்காவில், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஊஞ்சலில் ஏறக் கூடாது என்ற போர்டைக் காட்டி, வாட்ச்மேன் ஆண்ட்ரூவை இழுத்து இறக்கிவிட்டானாம். பேண்ட் கிழிந்துவிட்டதாம். குழந்தைகளின் அம்மாக்கள் சுற்றி நின்று பார்த்தார்களாம். அவள் கேட்டுவிட்டு, "விடுங்கப்பா, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்குல்ல," என்றாள். அன்றைக்கு ஜெசிகாவுக்குப் பரீட்சை, அடுப்பில் பால். பிறகு அப்பா, "சரிம்மா, நீ வேலையைப் பாரு," என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பூங்காவைப் பற்றி அவளிடம் ஒன்றுமே கேட்கவில்லை.

ஆண்ட்ரூ ஊஞ்சலில் இருந்தான். நாற்காலி போல முதுகு வைத்த அகலமான பலகை, கட்டைவிரல் கனத்தில் சங்கிலி. ஆடவில்லை. காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தான்.

"முடிஞ்சுதா?" என்றான்.

"ம்."

"தொப்பி வெச்சியா?"

"வெச்சேன்."

"மண்ணு போட்டியா?"

மர்சலின் அவனைப் பார்த்தாள். "போட்டேன்."

"நானு?"

மர்சலின் விரலிடுக்கில் ஒட்டியிருந்த மணலைப் புடவையில் துடைத்தாள்.

"அம்மாவுக்கு நான் போட்டேன். அப்பா என் கைல குடுத்தாரு. ஜெசி போட்டாளா?"

"போட்டா."

"மேத்யூ மாமா?"

"ம்."

"எல்லாரும் போட்டீங்க." அவன் கத்தவில்லை. கத்தினால் சமாளித்திருப்பாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, கழுத்தை ஒருபக்கம் திருப்பி, அவளைப் பார்க்காமல், வேறு எதையும் பார்க்காமல் இருந்தான். அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும். சாப்பாட்டு மேசை விளிம்பில், அலமாரிக் கண்ணாடியில், கல்யாண ஆல்பத்தின் நாற்பது படங்களில் பார்த்திருக்கிறாள்.

மணி பார்த்தாள். ஐந்து முப்பத்தைந்து. ஆறு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தைப் பூட்டிவிடுவார்கள்.

"எழுந்திரு. போலாம்."

"பெட்டிய மூடிட்டாங்களா?"

"மூடிட்டாங்க. மண்ணு இருக்கு. சீக்கிரம் வா."

கை கொடுக்கப் போனாள். "வேணாம்," என்றான். ஊஞ்சல் தூணில் அவன் இடுப்புயரத்தில் ஒரு கம்பி வளைந்திருந்தது. இடக்கையால் அதைப் பிடித்து, உடம்பைத் திருப்பி, யாருடைய உதவியும் இல்லாமல் எழுந்து நின்றான். அவள் கை நீட்டியபடியே இருந்தது.

கல்லறைத் தோட்டக் காவலாளி ஒரு கதவைச் சாத்தியிருந்தார். "டைம் ஆச்சும்மா, நாளைக்கு வாங்க."

"அண்ணா, இவன் பையன். சாயந்திரம் அடக்கம் பண்ணாங்கள்ல, அவரோட பையன். அப்ப இவனை நான்..." நிறுத்தினாள். "நான்தான் கூட்டிட்டு வரல. அஞ்சு நிமிஷம்."

அவர் ஆண்ட்ரூவைப் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டார்.

குழியை மூடி மேடாக்கியிருந்தார்கள். மேலே மலர்வளையங்கள். ஆண்ட்ரூ மேட்டுக்கு முன்னால் நின்று குனியப் பார்த்தான். வலது முழங்கால் மடங்கவில்லை. இன்னொரு தடவை முயன்றபோது தள்ளாடினான். பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. மர்சலின் அவன் இடக்கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். அப்படியே மண்டியிட்டு, வளையங்களை ஒதுக்கி, ஈரம் காயாத மண்ணை அள்ளினாள். எழுந்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

அவன் உள்ளங்கையைப் பார்த்தான். "நீ எவ்ளோ போட்ட?"

"ஒரு கை."

"இவ்ளோவா?"

"இவ்ளோதான்."

அவன் அதை மேட்டின் நடுவில் போட்டான். கை குறி தவறாமல் போட்டது. பிறகு கையை மறுபடி நீட்டினான். "இன்னொண்ணு."

அவள் திரும்பவும் மண்டியிட்டு அள்ளித் தந்தாள். இதை அவன் போடவில்லை. விரல்களை மூடிக்கொண்டான்.

"போடலையா?"

"இது எனக்கு."

ஆட்டோ வெளியே காத்துக்கொண்டிருந்தது. அவனை முதலில் ஏற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனில் பிலோமினா அத்தையின் இரண்டு தவறிய அழைப்புகள் இருந்தன. பைக்குள் போட்டாள்.

"எங்கம்மா?" என்றார் டிரைவர்.

"முதல்ல சாந்தோம். இவன் துணியெல்லாம் எடுத்துக்கணும். அப்புறம் வேளச்சேரி வரைக்கும் வருவீங்களா?"

"வரேன்மா."

ஆண்ட்ரூ மூடிய கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தான். பட்டினப்பாக்கம் வளைவில் ஆட்டோ குலுங்கியபோது விரலிடுக்கிலிருந்து மண் மெல்லியதாகச் சிந்தியது. மர்சலின் தன் வெள்ளைப் புடவையின் தலைப்பை எடுத்து, விரித்து, அந்தக் கைக்குக் கீழே பிடித்தாள். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு விரல்களை இறுக்கிக்கொண்டான். அப்படியும் சிந்திக்கொண்டுதான் இருந்தது.